அசையாமல் திரும்பும் ஆன்டெனா

நீலகிரியில் உதகமண்டலத்தை அடுத்து முத்தோரை என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் மலைச்சரிவில், வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஏற்கும் பெருங்கருவி ஒன்று அமைந்துள்ளது. இஃது உதகை வானொலித் தொலைநோக்கி எனப்படும். இதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். பெரிய மூங்கில் ஒன்றை நெடுக்காகப் பிளந்து, குழிவான பக்கம் வானை நோக்குமாறு வைத்தாற்போன்ற தோற்றம் உடையது. 24 எஃகுச் சட்டங்களின்மீது 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளை நீளவாட்டில் இழுத்துக் கட்டி அந்தக் குழிவை உண்டாக்கியிருக்கிறார்கள். பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் அவர்களின் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்த இக்கருவி, 1970 முதல் பணியாற்றி வருகிறது.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் பள்ளி மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். கருவி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. மலையின் சாய்வு ஏறத்தாழ 11 பாகை. அவ்விடத்தின் அட்சரேகையும் அதுவே. ஆகவே கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அவ்வச்சைச் சுற்றிக் கருவியைக் கிழக்கிலிருந்து மேற்காக மெல்லத் திருப்பினால், வானத்தில் நகரும் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து நோக்கலாம். இதனை விளக்கிக்கொண்டு வருகையில் ஒரு மாணவன் கேட்டான்: “ஐயா, கிழக்கு மேற்காகத் திரும்புவது சரி. வடக்கே உள்ள ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் என்ன செய்வார்கள்?” நான் சற்றும் தயங்காமல், “மோட்டார் கொண்டு வடக்கு முனையைத் தாழ்த்துவார்கள்” என்றேன். அவன் மரியாதையாக, “சட்டங்களின் கால்களை மலையில் சிமெண்டு வைத்து ஊன்றியிருக்கிறார்களே, ஐயா!” என்றான். என்னிடம் மறுமொழி இல்லை. உடனிருந்த பொறியாளர் ஒருவர் என் சங்கடத்தைப் போக்கினார். “வடக்கு தெற்காக இக்கருவியின் எந்தப் பகுதியும் அசைவதில்லை. ஆயினும் அதன் பார்வை திரும்புகிறது. திருப்புவது இரும்பு யந்திரம் அன்று, ஒவ்வோர் ஆன்டெனாவின் பின்னும் உள்ள ஒரு சிறு மின்சுற்று” என்றார்.

அந்தச் சிறு மின்சுற்றின் பெயர் கட்ட மாற்றி. அஃது எங்ஙனம் வேலை செய்கிறது, அதனைச் சிறிதாகவும் இழப்புக் குறைவாகவும் அமைப்பது ஏன் கடினம் என்பவற்றை, அன்று நான் சொல்லத் தவறிய விடையாக, இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கட்டம் என்பது யாது? அலை என்பது மேடும் பள்ளமுமாகச் செல்வது. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரையுள்ள தொலைவை அலைநீளம் என்கிறோம். ஒரு மேடு நம்மைக் கடந்து அடுத்த மேடு வந்து சேர்வதற்குள் அலை ஒரு முழுச் சுற்றை முடித்துவிடுகிறது. வட்டத்தைப் போலவே இச்சுற்றையும் 360 பாகைகளாகப் பிரிப்பது வழக்கம். மேட்டினை 0 பாகை என்று கொண்டால் பள்ளம் 180 பாகையில் வரும். 360 பாகையில் மறுபடியும் மேடு. அலை தன் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் குறிப்பதே கட்டம். உதகைத் தொலைநோக்கி ஏற்கும் அலை நொடிக்கு 32 கோடியே 65 இலட்சம் முறை அதிர்வது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர். ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால், அவற்றுள் மூன்றே பங்கு காலத்தில் இவ்வலை ஒரு சுற்றை முடித்துவிடுகிறது.

இனி, ஒரு கோயில் குளத்தை மனத்தில் கொள்ளுங்கள். அதன் கடைசிப் படியில் 16 மாணவர்கள் சம இடைவெளியில் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தாளம் தவறாமல் உள்ளங்கையால் நீரைத் தட்டினால், பதினாறு சிற்றலைகளும் ஒன்றுகூடி நீண்ட வரப்புப் போன்ற ஓர் அலையாகி, எதிர்க்கரையை நோக்கி நேரே செல்லும். இப்போது ஒரு மாறுதல் செய்வோம். இடக்கோடியில் இருப்பவன் முதலில் தட்டட்டும். அடுத்தவன் சிறிது தாமதித்துத் தட்டட்டும். அவனுக்கு அடுத்தவன் அதே அளவு மேலும் தாமதிக்கட்டும். இடக்கோடியிலிருந்து புறப்பட்ட அலை அதிகத் தூரம் சென்றிருக்கும். வலக்கோடியின் அலை இப்போதுதான் புறப்பட்டிருக்கும். எனவே அலைவரப்பு சாய்ந்து, வலப்பக்கமாகத் திரும்பிச் செல்லும். மாணவர் எவரும் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை, படியும் நகரவில்லை, தாமதம் ஒன்றே அலையைத் திருப்பிவிட்டது.

அலையை அனுப்புவதற்குச் சொன்ன இவ்விதி அலையை ஏற்பதற்கும் பொருந்தும். தொலைநோக்கியின் குழிவுக்கு மேலே, அலைகள் வந்து குவியும் கோட்டில், டைபோல் எனப்படும் 1,056 சிறு ஆன்டெனாக்கள் ஏறத்தாழ அரை அலைநீளத்துக்கு ஒன்றாக வரிசையில் இருக்கின்றன. வடக்கே சாய்ந்த திசையிலிருந்து வரும் அலை, வடகோடி டைபோலை முதலில் எட்டும். தென்கோடியைக் கடைசியில் எட்டும். முதலில் பெற்றவற்றைக் காத்திருக்கச் செய்து, கடைசியில் பெற்றதோடு ஒரே கட்டத்தில் கூட்டினால் அத்திசையிலிருந்து வரும் ஒலிப்பு ஓங்கும். பிற திசையிலிருந்து வருபவை ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மங்கும்.

எவ்வளவு காத்திருக்க வேண்டும்? ஒரு சிறு கணக்கு. டைபோல்களுக்கு இடையே சரியாக அரை அலைநீளம் என்று கொள்வோம். அலை நேர்மேலிருந்து 30 பாகை சாய்ந்து வருகிறது. 30 பாகையின் சைன் மதிப்பு அரை. ஆகவே அடுத்தடுத்த டைபோல்களுக்கு இடையே அலை கடக்க வேண்டிய அதிகத் தூரம் அரையில் பாதி, அஃதாவது கால் அலைநீளம். கால் அலைநீளம் என்பது 90 பாகைக் கட்டம். எனவே முதல் டைபோலுக்கு 0, அடுத்ததற்கு 90, பின்னர் 180, 270 என்று வரிசையாகக் கட்டத்தை மாற்ற வேண்டும். ஐந்தாவதற்கு 360 வேண்டும். ஆனால் 360 பாகையும் 0 பாகையும் ஒன்றே அல்லவா? ஆகவே அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். வரிசை எத்துணை நீளமாயினும் எந்தக் கட்ட மாற்றியும் ஒரு சுற்றுக்கு மேல் தாமதிக்க வேண்டுவதில்லை. இவ்வொரு வசதியால்தான் அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கருவியைச் சிறு சிறு மின்சுற்றுகளால் திருப்ப முடிகிறது.

அதே வசதியில் ஓர் இடரும் ஒளிந்திருக்கிறது. டைபோல்களை ஒரு முழு அலைநீளத்துக்கு ஒன்றாக அகல வைத்தால், வேறொரு திசையிலிருந்து வரும் அலையும் சரியாக 360 பாகை வேறுபட்டு வந்து, நாம் விரும்பிய அலையைப்போலவே ஒன்றுகூடிவிடும். எத்திசையிலிருந்து வந்தது என்று அறியமுடியாமல் போகும். இதனைத் தவிர்க்கவே ஏறத்தாழ அரை அலைநீளத்துக்கு ஒன்றாக நெருக்கி வைக்கிறார்கள். உதகையில் இஃது அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு; இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் ரேடார்கள் பலவற்றில் அலைநீளம் 3 சென்டிமீட்டர்தான். அங்கே ஒவ்வொரு கட்ட மாற்றிக்கும் கிடைக்கும் அகலம் ஒன்றரைச் சென்டிமீட்டர். அலைநீளம் 1 சென்டிமீட்டராயின் கிடைப்பது அரைச் சென்டிமீட்டரே. கட்ட மாற்றி சிறிதாக இருக்க வேண்டும் என்பது அழகுக்காக அன்று. இயற்கை அதற்கு மேல் இடம் தருவதில்லை.

இவ்வெண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. 1897-ல் எதிர்மின்கதிர்க் குழாயைக் கண்டுபிடித்தவரும், 1909-ல் மார்க்கோனியுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன், 1905-ல் மூன்று ஆன்டெனாக்களை முக்கோணமாக நிறுத்தினார். அவற்றுள் ஒன்றன் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தி, ஒரு திசையில் அலை ஓங்கச் செய்து காட்டினார். தாமதத்தை வேறோர் ஆன்டெனாவுக்கு மாற்றியபோது அலை செல்லும் திசையும் மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947-ல் அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ் என்பவர், அலை செல்லும் உலோகக் குழாயின் ஒரு பகுதியைச் சுழற்றிக் கட்டத்தை மாற்றும் கருவியைப் பற்றி எழுதினார். அது மிகத் துல்லியமானது. ஆனால் சுழல வேண்டிய பகுதி ஒன்று இருந்தமையால், யந்திரத்தின் வேகத்துக்கு மேல் செல்ல அதனால் இயலாது. அசையும் பகுதி ஏதுமின்றி, மின்சாரத்தால் மட்டும் கட்டத்தை மாற்றுவதே அடுத்த தேவையாயிற்று.

அதன் எளிய வழி இது. ஓர் ஊருக்குச் செல்ல இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று நேர்வழி, மற்றொன்று சற்றுச் சுற்றுவழி. சுற்றுவழியில் செல்பவர் தாமதமாகச் சேர்வார். மின்சுற்றிலும் அவ்வாறே குட்டையான கம்பி ஒன்றும் நீண்ட கம்பி ஒன்றும் வைத்து, எவ்வழியே அலை செல்ல வேண்டும் என்பதை ஒரு மின்விசைக் கதவினால் தீர்மானிக்கலாம். இப்படி ஒரு சோடிப் பாதை இருந்தால் ஒரே ஒரு தாமதம் கிடைக்கும். பல தாமதங்கள் வேண்டுமாயின் பல சோடிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்க வேண்டும்.

எத்தனை சோடிகள் வேண்டும்? இங்கே நம் பாட்டிமார் வீட்டில் வைத்திருந்த முகத்தல் அளவைகள் நமக்கு உதவுகின்றன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. இந்நான்கு பாத்திரங்களும் ஒவ்வொன்று இருந்தால் போதும். ஓர் ஆழாக்கு முதல் பதினைந்து ஆழாக்கு வரை எந்த அளவையும் அளந்துவிடலாம். பதினொன்று வேண்டுமா? ஒரு படி, ஓர் உழக்கு, ஓர் ஆழாக்கு. கட்ட மாற்றியும் இவ்வாறே அமைகிறது. ஆழாக்குக்குப் பதிலாக 22.5 பாகை, உழக்குக்கு 45, உரிக்கு 90, படிக்கு 180. நான்கு சோடிப் பாதைகளால் 0 முதல் 337.5 பாகை வரை 16 நிலைகள் கிடைக்கின்றன. உதகையின் டைபோல்களுக்குப் பின்னும் இத்தகைய நான்கு பிரிவுக் கட்ட மாற்றிகளே இருக்கின்றன. அங்குள்ள அலைநீளத்துக்கு, காற்றில் செல்லும் கம்பியாயின், ஆழாக்கின் சுற்றுவழி 5.75 சென்டிமீட்டர் அதிக நீளம் கொண்டது. படியின் சுற்றுவழி 46 சென்டிமீட்டர்.

பாதையைத் திறக்கவும் மூடவும் பயன்படும் கதவு யாது? அது பின் டயோடு என்னும் குறைகடத்திச் சாதனம். ஒரு பக்கம் பி வகைக் குறைகடத்தி, மறுபக்கம் என் வகை, இடையில் கலப்பற்ற தூய அடுக்கு ஒன்று. அவ்விடை அடுக்கின் பெயரில் வரும் ஐ என்னும் எழுத்தையும் சேர்த்தே பின் என்னும் பெயர் வந்தது. சிறு நேர்மின்னோட்டம் ஒன்றைச் செலுத்தினால் இடை அடுக்கில் மின்னூட்டங்கள் நிறைந்து, ரேடியோ அலைக்குக் கதவு திறக்கிறது. மின்னழுத்தத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவை வெளியேறி, கதவு மூடுகிறது. தேய்மானமும் ஓசையும் இல்லை. ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்கு காலத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

ஆனால் இக்கதவு முழுமையான கதவன்று. திறந்திருக்கும்போதும் அதில் சிறிது தடை எஞ்சி நிற்கிறது. அலையின் ஆற்றலில் ஒரு பங்கு அங்கே வெப்பமாகிவிடும். மூடியிருக்கும்போதும் சிறு மின்தேக்கியைப்போல் இருந்து, அலையைச் சிறிது கசியவிடும். கம்பியும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அதிர்வெண் மிகுந்த மின்னோட்டம் செம்பின் உள்ளே பாய்வதில்லை, மேற்பரப்பிலேயே செல்கிறது. உதகையின் அதிர்வெண்ணில் அவ்வோட்டம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்குக்கும் குறைந்த ஆழத்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. கம்பி தடிமனாக இருந்தாலும் பயன்படுவது அதன் தோல் மட்டுமே. கம்பியைத் தாங்கும் மின்காப்புப் பலகையும் சிறிது ஆற்றலை உறிஞ்சுகிறது. இவையெல்லாம் சேர்ந்ததே இழப்பு.

இங்கேதான் வடிவமைப்பாளரின் உண்மையான சோதனை தொடங்குகிறது. பாத்திரங்களைக் கூட்டினால் அளவு நுட்பமாகும். ஆனால் ஒவ்வொரு பாத்திரத்திலும் சிறிது சிந்தும். எத்தனை பாத்திரங்களோடு நிறுத்துவது? கணக்கிட்டுப் பார்ப்போம்.

நான்கு பிரிவுகள் இருந்தால், நாம் விரும்பும் கட்டத்துக்கும் கிடைக்கும் கட்டத்துக்கும் உள்ள பிழை 11.25 பாகையை மீறாது. பல டைபோல்களில் இப்பிழைகள் கலந்து வருவதால், கூட்டுத்தொகையில் நூற்றுக்கு 1.3 பங்கு குறையும். மூன்று பிரிவுகளாயின் 5 பங்கும், இரண்டே பிரிவுகளாயின் 19 பங்கும் குறையும். ஐந்து பிரிவுகளாயின் 0.3 பங்குதான் குறையும். இதை மட்டும் பார்த்தால் ஐந்தே நன்று, ஆறு அதனினும் நன்று என்று தோன்றும். இப்போது ஒவ்வொரு பிரிவிலும் நூற்றுக்கு 5 பங்கு ஆற்றல் வெப்பமாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரு வகைக் குறைவுகளையும் சேர்த்துப் பெருக்கினால், இறுதியில் நூற்றில் எஞ்சுவது இரண்டு பிரிவுகளில் 73, மூன்றில் 81, நான்கில் 80, ஐந்தில் 77. ஐந்தாவது பிரிவு தந்த நுட்பத்தைவிட, அது தின்ற ஆற்றல் அதிகம்! மூன்றுக்கும் நான்குக்கும் வேறுபாடு சிறிதே. மூன்றில் நிறுத்தினால் வேண்டாத திசைகளில் சிறு கற்றைகள் எழும். ஆதலால் நான்கினைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. ஒரு பிரிவின் இழப்பை நூற்றுக்கு ஒன்றாகக் குறைக்க வல்லவர்க்கு இக்கணக்கே மாறிவிடும். அவர் மேலும் நுட்பமாகச் செல்லலாம். இழப்பைக் குறைப்பவனே நுட்பத்தைக் கூட்டும் உரிமையைப் பெறுகிறான்.

அடுத்தது, சிறிதாக்கும் முயற்சி. அதற்கு மூன்று வழிகளைக் கூறுவேன். முதலாவது, கம்பியை அலுமினா போன்ற பீங்கான் பலகையின்மீது பட்டையாகப் பதிப்பது. அப்பொருளில் அலை மெதுவாகச் செல்லும்; அலைநீளம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்; சுற்றுவழியும் அவ்வளவுக்குக் குறுகும். இரண்டாவது, வந்த வழியே அலையைத் திருப்பி அனுப்புவது. முட்டுச்சந்தில் சென்றவர் அதே தெருவில் இருமுறை நடப்பது போல, அலையும் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என ஒரே கம்பியை இருமுறை கடக்கும். பாதி நீளம் போதும். மூன்றாவது, நீண்ட கம்பியையே விட்டுவிட்டு, அதன் வேலையைச் சிறு கம்பிச் சுருள்களுக்கும் மின்தேக்கிகளுக்கும் கொடுப்பது. ஒருவகையாக இணைத்தால் அவை அலையைப் பின்தள்ளும். மற்றொரு வகையாக இணைத்தால் முன்தள்ளும். இரண்டுக்கும் இடையே மாற்றினால் வேண்டிய கட்டம் கிடைத்துவிடும்.

வழிகள் மூன்றானாலும் அவற்றுக்கு உரிய விலை ஒன்றே. பட்டை குறுகக் குறுக மின்னோட்டம் நெருக்குண்டு, தடை மிகும். சுருள் சிறிதாகச் சிறிதாக அதன் தரம் குறையும். அடுத்தடுத்த கம்பிகள் நெருங்கினால் ஒன்றன் அலை மற்றொன்றில் தொற்றிக்கொள்ளும். சிறுமையும் இழப்பின்மையும் எப்போதும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை. இவற்றோடு மற்றொரு நிபந்தனையும் உண்டு. இரு பாதைகளிலும் இழப்பு சமமாக இருக்க வேண்டும். சுற்றுவழியில் மட்டும் அதிகமாக இழந்தால், கட்டத்தை மாற்றும்போதெல்லாம் அலையின் வலிமையும் மாறி, கற்றையின் உருவம் கெட்டுவிடும்.

இத்துணைச் சிறிய இழப்புக்கு இத்துணைக் கவலையா என்று நீங்கள் கேட்கலாம். தொலைநோக்கியில் இழப்பு இருவகையில் கேடு செய்கிறது. வானிலிருந்து வரும் அலையோ மிக மெலிந்தது. அதில் ஒரு பங்கு போய்விடுகிறது. அம்மட்டோடு நிற்பதில்லை. ஆற்றலை உறிஞ்சும் எந்தப் பொருளும் தன் வெப்பத்தால் தானும் ரேடியோ இரைச்சலை வெளியிடும். இஃது இயற்கை விதி. சாதாரண வெப்பநிலையில் உள்ள கட்ட மாற்றி நூற்றுக்கு 20 பங்கினை இழந்தால், அது சேர்க்கும் இரைச்சல் 72 கெல்வின் அளவுள்ள வெப்ப இரைச்சலுக்குச் சமம். கடன் வாங்கியவன் முதலைக் கொடாததோடு வீட்டுப் பொருளையும் எடுத்துச் சென்றது போன்ற கதை இது.

உதகைக் கருவியின் பழைய டைபோல் வரிசையை 1990-களின் தொடக்கத்தில் புதுப்பித்தபோது, அதன் பொறியாளர்கள் இவ்விடரை நேரே சந்தித்தார்கள். 1,056 டைபோல்கள் ஒவ்வொன்றுக்கும், இரைச்சல் குறைந்த ஒரு பெருக்கியைத் தனித்தனியே வைத்தார்கள். கட்ட மாற்றியைப் பெருக்கிக்குப் பின்னால் வைத்தார்கள். அலை முதலில் வலுப்பெறுகிறது. பின்னரே கட்ட மாற்றியின் வழியே செல்கிறது. இப்போது அங்கே சிறிது சிந்தினாலும் பெரிய தீங்கில்லை. ஆனால் 1,056 பெருக்கிகளும் ஒன்றைப்போல் ஒன்று நடந்துகொள்ள வேண்டும். ஒன்றன் கட்டம் மாறுபட்டால், அதன் பின்னுள்ள கட்ட மாற்றி எவ்வளவு நேர்மையாக இருந்தும் பயனில்லை. இடர் ஒழிந்துவிடவில்லை; தாங்கத்தக்க ஓர் இடத்துக்கு மாற்றப்பட்டது. பொறியியலில் பெரும்பாலான வெற்றிகள் இத்தகையனவே.

அலையை அனுப்பும் ரேடாரில் நிலைமை வேறு. ஒரே பெரிய அலைபரப்பியின் ஆற்றலை ஆயிரக்கணக்கான கட்ட மாற்றிகளுக்குப் பங்கிடும் அமைப்பில், 100 கிலோவாட்டில் ஐந்தில் ஒரு பங்கு இழப்பு என்றால் 20 கிலோவாட் வெப்பத்தைக் குளிர்விக்க வேண்டும். இதற்கு ஃபெர்ரைட் என்னும் பொருள் கைகொடுத்தது. இஃது இரும்பு ஆக்சைடும் பிற உலோக ஆக்சைடுகளும் சேர்ந்த பீங்கான். காந்தத் தன்மை உண்டு. ஆயினும் மின்சாரம் எளிதில் பாயாது. ஆகவே அலை அதனுள்ளே பெரும் இழப்பின்றிச் செல்லும். அதனைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை மாற்றினால் அலையின் வேகம் மாறும். வேகம் மாறினால் கட்டம் மாறும். 1957-ல் அமெரிக்கரான ரெஜியாவும் ஸ்பென்சரும் இவ்வகைக் கட்ட மாற்றி ஒன்றை வெளியிட்டனர். பின்னர் வளையவடிவ ஃபெர்ரைட் வந்தது. நொடிப்பொழுது மின்துடிப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும். அடுத்த கட்டளை வரும் வரை அது தன் காந்த நிலையைத் தானே காத்துக்கொள்ளும். ஆனால் ஃபெர்ரைட் எடை மிக்கது, டயோடைவிட மெதுவானது, வெப்பம் மாறினால் அதன் இயல்பும் மாறும். அந்நிய நாடுகள் எளிதில் தர விரும்பாத இச்சாதனத்தை, டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியை பாரதி பட் அவர்களின் தலைமையில் நம்மவர் உருவாக்கினர் என்பதை நம் மாணவிகள் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

இக்காலத்தில் கட்ட மாற்றியும் பெருக்கியும் ஒரே சிலிக்கன் சில்லில் அமைந்துவிடுகின்றன. நொடிக்கு 2,800 கோடி அதிர்வுள்ள கைப்பேசி அலைகளுக்கு அரை அலைநீளம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவு இடத்தில் வேறெதுவும் நுழையாது. விரைந்து செல்லும் செயற்கைக்கோள்களை அசையாமலே பின்தொடரும் தட்டையான ஆன்டெனாக்கள், 2020 முதல் வீட்டுக் கூரைகளுக்கும் வந்துவிட்டன. இருப்பினும் பழைய கணக்கு மாறவில்லை. சில்லில் உள்ள உலோகப் பட்டைகள் மிக மெல்லியவை, இழப்பு அதிகம். அதனை ஈடுசெய்யப் பெருக்கிகளைச் சேர்க்கிறார்கள். பெருக்கிகள் மின்சாரத்தை உண்டு வெப்பத்தை உமிழ்கின்றன. இழப்பு வேறு பெயரில் மீண்டும் வந்து நிற்கிறது.

இவ்வித்தைக்கு எல்லைகளும் உண்டு. கற்றையைச் சாய்க்கச் சாய்க்க, அத்திசையிலிருந்து பார்ப்பவர்க்கு ஆன்டெனா ஒடுங்கித் தோன்றும். 60 பாகை சாய்த்தால் அதன் பயன்படு நீளம் பாதியாகிவிடும். மேலும் 360 பாகையை 0 என்று கொண்ட நம் வசதி ஓர் அதிர்வெண்ணுக்கே முற்றும் உண்மை. பல அதிர்வெண்கள் ஒருங்கே வரும்போது ஒவ்வொன்றும் சற்று வெவ்வேறு திசையில் திரும்பும். ஆகவே பெரிய வரிசைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குள் கட்டத்தையும் குழுக்களுக்கு இடையே உண்மையான காலத் தாமதத்தையும் கையாளுவது உண்டு.

மாணவ நண்பர்களே, நான் சொன்னவற்றை உங்கள் ஊர்க் குளத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். காற்றில்லாத காலை நேரத்தில் நான்கைந்து பேர் சம இடைவெளியில் அமர்ந்து, தாளத்தோடு நீரைத் தட்டுங்கள். பின்னர் வரிசையாகத் தாமதித்துத் தட்டுங்கள். ஒருவர் படியின் மேலே நின்று அலை செல்லும் திசையைக் குறித்துக்கொள்ளட்டும். இடைவெளியை மாற்றியும் பாருங்கள். நீரில் பெரியவர் துணையின்றி இறங்காதீர்கள்.

அன்று முத்தோரையிலிருந்து திரும்பிய மறுவாரம், வகுப்பில் முதல் வேலையாக என் தவறான விடையைச் சொல்லி, சரியான விடையைக் கரும்பலகையில் எழுதினேன். கேள்வி கேட்ட மாணவன் அத்துடன் விடவில்லை. “ஐயா, ஐந்தாவது பாத்திரம் வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமே, ஏன் வைக்கவில்லை?” என்று கேட்டான். அதற்கும் அன்று எனக்கு விடை தெரியாது. ஆனால் இம்முறை, “தெரியவில்லை, கணக்கிட்டுச் சொல்கிறேன்” என்றேன். எஞ்சுவது 73, 81, 80, 77 என்று சற்றுமுன் உங்களுக்குச் சொன்ன கணக்கு, அவனுக்காக அன்றிரவு நான் போட்டதுதான்.